படச்சுருளும் பனடோலும்

தொழில் மாறிய நிறுவனங்கள் – 9

2020 ஜூலை 28ஆம் தேதி கோடாக் நிறுவனத்துக்கு அமெரிக்க அரசின் அனைத்துலக மேம்பாட்டு நிதிக் கழகம் ஒரு கடிதம் கொடுத்தது. 765 மில்லியன் அமெரிக்க டாலர் கடன் தர விருப்பம் இருப்பதாக அதில் சொல்லப்பட்டிருந்தது. கடன் கேமராவுக்கோ ஃபிலிமுக்கோ அல்ல. மருந்து மூலப்பொருள் தயாரிப்பதற்கு. மாத்திரையில் மாவு, பசை, நிறம் எனப் பல துணைப்பொருள்கள் உண்டு. அவற்றோடு கலந்து நோயைத் தணிக்கும் வேலையைச் செய்வதுதான் மருந்து மூலப்பொருள், அதாவது ஏபிஐ.

அமெரிக்காவின் அவசரத்துக்குக் காரணம் கொவிட்-19. விலை குறைந்த ஜெனரிக் மருந்துகளின் மூலப்பொருளுக்கு அந்நாடு சீனாவையும் இந்தியாவையும் பெரிதும் நம்பியிருந்தது. அந்த ஆண்டு மார்ச் 3ஆம் தேதி பாரசிட்டமால் உட்பட 26 மூலப்பொருள்களுக்கும் அவற்றால் ஆன மருந்துகளுக்கும் இந்தியா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. இந்தியாவும் தன் பங்குக்குச் சீனச் சரக்கையே எதிர்பார்த்திருந்தது. வூஹானில் ஆலைக் கதவு அடைபட்டால் உலகெங்கும் மருந்துக் கடை அலமாரி காலியாகிவிடும் என்ற அச்சம் பரவியது. அந்த நேரத்தில்தான் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் இருந்த கோடாக்கின் பழைய ஃபிலிம் ஆலை அரசின் கண்ணில் பட்டது.

ஃபிலிம் ஆலை என்னும் ரசாயன ஆலை

படம் பிடிக்கும் தொழிலுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஃபிலிம் என்பது பிளாஸ்டிக் தாளின் மேல் ஜெலட்டினில் குழைத்த வெள்ளி உப்புகளைப் பூசிச் செய்வது. கலர் ஃபிலிமில் இத்தகைய அடுக்குகள் பத்துக்கும் மேல் இருக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒளியை உணரும் சாயம் வேறு, நிறம் தரும் கரிமச் சேர்மம் வேறு. இத்தனையையும் துளி மாசின்றித் தயாரித்து, இருட்டிலேயே பூச வேண்டும்.

முதல் உலகப் போரின்போது ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த நுண்ரசாயனங்கள் நின்றுபோயின. 1918இல் கோடாக் தானே அவற்றைத் தயாரித்து ஆய்வுக்கூடங்களுக்கு விற்கத் தொடங்கியது. 1920இல் டென்னசி மாநிலத்தின் கிங்ஸ்போர்ட்டில் ரசாயன ஆலையை அமைத்தது. வெளிநாட்டுச் சரக்கு நின்றுபோனால் என்ன செய்வது என்ற கவலைதான் நூறு ஆண்டுகளுக்குப் பின் 2020இலும் அந்நிறுவனத்தைத் தேடி வந்தது.

ரசாயனத்தில் அது காட்டிய நுணுக்கத்துக்கு ஜெலட்டின் நல்ல சான்று. மாட்டு எலும்பிலும் தோலிலுமிருந்து எடுக்கும் ஜெலட்டினில் ஒரு சரக்கு நல்ல ஒளியுணர்வு தரும். அடுத்த சரக்கு மந்தமாக இருக்கும். கோடாக் ஆய்வாளர் சாமுவேல் ஷெப்பர்ட் 1920களில் காரணத்தைக் கண்டுபிடித்தார். கடுகு எண்ணெயில் உள்ளதைப் போன்ற கந்தகச் சேர்மம் சில ஜெலட்டினில் மிக மிக நுண்ணிய அளவில் கலந்திருந்தது. மாடுகள் மேய்ந்த கடுகினச் செடிகளின் விளைவு அது. அதன்பின் ஜெலட்டினையும் நிறுவனம் தன் கைக்குள் கொண்டுவந்தது. மாசசூசெட்சின் பீபடியில் இருந்த அந்த ஜெலட்டின் ஆலையை, உணவுக்கும் மருந்து உறைகளுக்கும் ஜெலட்டின் தயாரிக்கும் ரூசெலோ நிறுவனம் 2011இல் வாங்கியது.

டெவலப்பரும் காய்ச்சல் மாத்திரையும்

இரு தொழில்களும் எவ்வளவு நெருங்கியவை என்பதைப் பாரசிட்டமாலில் தெளிவாகக் காணலாம். அதற்குத் தேவைப்படும் முக்கியப் பொருள்கள் இரண்டு. ஒன்று பாரா-அமினோஃபீனால். 1891இல் ஜெர்மனியின் அக்ஃபா வெளியிட்ட 'ரோடினால்' என்னும் புகழ்பெற்ற ஃபிலிம் டெவலப்பரின் அடிப்படைப் பொருள் இதுவே. மற்றொன்று அசெட்டிக் அன்ஹைட்ரைடு. எளிதில் தீப்பிடிக்காத அசெட்டேட் ஃபிலிமுக்காகக் கிங்ஸ்போர்ட் ஆலை பெருமளவில் தயாரித்தது இதைத்தான். இரண்டையும் வினைகலனில் சேர்த்துச் சூடாக்கினால் பாரசிட்டமால் உருவாகும். அதை வெந்நீரில் கரைத்து, கரித்தூளால் நிறம் நீக்கி, வடிகட்டி, குளிரவைத்துப் படிகமாக்கி, கழுவி, உலர்த்திச் சலித்தால் வெண்ணிறத் தூள் கிடைக்கும்.

ஆனால் ஒரே பொருளின் ஒரே குணம் இருட்டறையில் வரமாகவும் மாத்திரையில் கேடாகவும் அமைகிறது. பாரா-அமினோஃபீனால் எளிதில் எலக்ட்ரானை இழக்கும். அந்த எலக்ட்ரானைப் பெற்றுத்தான் ஃபிலிமில் உள்ள வெள்ளி உப்பு கறுத்து உருவம் தெரிகிறது. மருந்திலோ அது நச்சு மாசு. பாரசிட்டமாலில் அது பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மருந்தியல் நெறிநூல்கள் வரம்பு கட்டுகின்றன. ரசாயனம் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. எஞ்சிய மாசை அளந்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஆவணம் வைத்து, மேற்பார்வை அமைப்பின் சோதனையில் தேறுவதும் மருந்துத் தொழிலில் அடக்கம்.

பனடோலின் முதலாளி

கோடாக் மருந்துத் தொழிலில் இறங்கியது 2020இல் முதன்முறை அல்ல. 1988இல் ஸ்டெர்லிங் டிரக் நிறுவனத்தை 5.1 பில்லியன் டாலருக்கு வாங்கியது. பாரசிட்டமால் மாத்திரையான பனடோல் ஸ்டெர்லிங்கின் சரக்கு. ஆகவே சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய பனடோல் அட்டையும், மஞ்சள் பெட்டியில் விற்ற ஃபிலிம் சுருளும் சில ஆண்டுகள் ஒரே முதலாளியின் சரக்காக இருந்தன.

அந்த உறவு நீடிக்கவில்லை. கடன் சுமையைக் குறைத்து, படத்தொழிலில் மட்டும் கவனம் செலுத்துவதென்று புதிய நிர்வாகம் முடிவெடுத்தது. 1994இல் மருத்துவர் சீட்டுக்குத் தரும் மருந்துகள் பிரான்சின் சனோஃபிக்குப் போயின. பனடோல் உள்ளிட்ட கடைமருந்துகள் ஸ்மித்கிளைன் பீச்சமுக்குப் போயின. அதே ஆண்டு கிங்ஸ்போர்ட் ரசாயனத் தொழிலும் ஈஸ்ட்மன் கெமிக்கல் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. மருந்தும் ரசாயனமும் ஒரே ஆண்டில் கைவிட்டுப் போன பின், கோடாக்கிடம் பெரிதாக எஞ்சியது ஃபிலிம்தான். டிஜிட்டல் கேமரா பரவியதும் அதுவும் சரிந்தது. முதல் டிஜிட்டல் கேமராவை 1975இல் உருவாக்கியது அதே நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவ் சாசன்தான். 2012 ஜனவரியில் கோடாக் நொடித்துப்போனதாக நீதிமன்றத்தை நாடியது. 2013இல் உருச்சிறுத்து மீண்டது.

பத்து நாள் பரபரப்பு

ரோச்செஸ்டரில் 1,200 ஏக்கரில் சொந்த மின்சாரம், நீராவி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றோடு ஆலைவளாகம் எஞ்சியிருந்தது. மருந்துத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய இடைநிலை ரசாயனங்களையும் அது ஓரளவு தயாரித்துவந்தது. அமெரிக்க ஜெனரிக் மருந்துகளில் ஒரு பகுதிக்குத் தேவையான மூலப்பொருளில் 25 விழுக்காடு வரை தயாரிக்கலாம் என்பது 2020ஆம் ஆண்டுத் திட்டம்.

அறிவிப்புக்கு முந்தைய நாள் 2.62 டாலரில் முடிந்த பங்கு, ஜூலை 29ஆம் தேதி வணிகத்தின்போது 60 டாலரைத் தொட்டது. அறிவிப்புக்கு முந்தைய நாளே நிர்வாகத் தலைவருக்குப் பங்கு வாங்கும் உரிமைகள் வழங்கப்பட்டிருந்தது கேள்விகளை எழுப்பியது. ஆகஸ்ட் 7ஆம் தேதி கடன் நிறுத்திவைக்கப்பட்டது. நிதிக் கழக அதிகாரிகள் தவறு செய்ததற்குச் சான்றில்லை என்று கழகத்தின் தலைமை ஆய்வாளர் பின்னர் கூறினார். ஆனால் கடன் வரவே இல்லை.

ஃபூஜி சென்ற வழி

இதே சரிவை ஜப்பானின் ஃபூஜிஃபிலிமும் சந்தித்தது. 2000ஆம் ஆண்டில் அதன் லாபத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு படத்தொழிலிலிருந்து வந்தது. தலைவர் ஷிகெடாகா கொமோரி தம் பொறியாளர்களிடமும் ரசாயனர்களிடமும் என்ன திறன் இருக்கிறது என்று கணக்கெடுக்கச் சொன்னார். ஜெலட்டினும் கொலாஜனும் ஒரே குடும்பம். படம் வெளுக்காமல் காக்கும் பொருள்கள் தோலுக்கும் உதவக்கூடும். இவ்வழியில் அழகுசாதனப் பொருள்கள் வந்தன. 2008இல் தொயாமா கெமிக்கலை வாங்கியது. அந்நிறுவனம் உருவாக்கிய ஃபாவிபிராவிர் மருந்துக்கு 2014இல் ஜப்பான் ஒப்புதல் அளித்தது. 2011இல் ஃபூஜி மெர்க்கிடமிருந்து உயிரியல் மருந்து ஆலைகளை வாங்கி, பிற நிறுவனங்களுக்கு மருந்து தயாரித்துத் தரும் தொழிலில் இறங்கியது.

இரு நிறுவனங்களுக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. கோடாக் ஃபிலிம் வருமானம் இருந்த காலத்தில் மருந்தை விற்றுவிட்டு, பணமில்லாத காலத்தில் திரும்பி வந்தது. அதுவும் கிலோ சில டாலருக்கு விற்கும் பாரசிட்டமால் போன்றவை மலிந்த ஜெனரிக் சந்தைக்கு வந்தது. ஃபூஜி கையில் பணம் இருந்தபோதே உயர்மதிப்பு மருந்துகளைத் தேடிப் போனது. இந்த இரண்டு வழியும் கிட்டாத நிறுவனமும் உண்டு. ஊட்டியில் 1960இல் இந்திய அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் மருத்துவமனைகளுக்கு எக்ஸ்ரே ஃபிலிமும் தந்தது. 1996இல் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, வேறு தொழிலுக்கு மாற வழியின்றி முடிந்தது.

துவாஸ் காட்டும் கணக்கு

மருந்து மூலப்பொருள் ஆலைக்கு என்னென்ன வேண்டும் என்பதற்குச் சிங்கப்பூரே அருகிலுள்ள எடுத்துக்காட்டு. கிளாக்சோ 1980களில் ஜூரோங்கில் வயிற்றுப்புண் மருந்தான ரானிட்டிடினின் மூலப்பொருளுக்கு ஆலை அமைத்தது. பின்னர் துவாஸ் உயிர்மருத்துவப் பூங்காவில் ஃபைசர், எம்எஸ்டி, நோவார்ட்டிஸ் ஆகியவை வந்தன. 2000ஆம் ஆண்டில் மருந்து ஆய்வு நெறிகளுக்கான பிஐசி/எஸ் அமைப்பில் சிங்கப்பூர் சேர்ந்ததால், இங்கு நடக்கும் சோதனைக்குப் பிற நாடுகளில் மதிப்புக் கூடியது. நிலமும் கூலியும் விலை மிகுந்த இந்நகரம் பெரும்பாலும் காப்புரிமை உள்ள உயர்விலை மருந்துகளின் மூலப்பொருளைத் தேர்ந்தெடுத்தது. பனடோலை வாங்கிய ஸ்மித்கிளைன் பீச்சம் 2000இல் கிளாக்சோவோடு இணைந்ததால், கோடாக் விற்ற பெயரும் ஜூரோங் ஆலையும் ஒரே குடும்பத்துக்குள் வந்தன. 2022இல் பனடோல் ஹேலியோன் என்ற தனி நிறுவனத்துக்குப் போனது.

கோடாக் மருந்துத் தொழிலை முற்றிலும் கைவிடவில்லை. அரசுக் கடனின்றி, தன் வளாகத்தில் மருந்துத் தரக் கட்டுப்பாட்டுக்கு ஏற்ற சிறிய ஆலையை அமைத்து, ஆய்வகக் கரைசல்கள், மருந்துத் துறைக்கான இடைநிலைப் பொருள்கள் எனப் படிப்படியாக முன்னேறும் திட்டத்தை வகுத்தது. ஜெனரிக் மூலப்பொருளில் 25 விழுக்காடு என்ற பேச்சு அதில் இல்லை.

(தொடரும்)