நின்றபடியும் பிரஷர் பாருங்கள்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் பிரதோஷ மாலையில் தரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், தீபாராதனை மணி கேட்டதும் சட்டென்று எழுவார்கள். சிலருக்குக் கண் இருட்டும். பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொள்வார்கள். 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுகிற இந்தத் தலைசுற்றலுக்குத் திட்டவட்டமான காரணம் உண்டு.

எழுந்து நின்றதும் சுமார் அரை லிட்டர் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள நரம்பு முனைகள் இதை உணர்ந்து மூளைத்தண்டுக்குத் தெரிவிக்கின்றன. உடனே சிம்பதெடிக் நரம்புகள் நார்அட்ரீனலினைச் சுரந்து ரத்தக் குழாய்களை இறுக்குகின்றன, இதயமும் வேகமெடுக்கிறது. இளம் வயதில் இவ்வளவும் நமக்குத் தெரியாமலே நடந்து முடிகிறது.

வயது ஏற ஏறத் தமனிச் சுவர் விறைத்துப்போகிறது. அழுத்தம் மாறுவது நரம்பு முனைகளுக்குச் சரியாக எட்டுவதில்லை. இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. முதியவர்களின் சிம்பதெடிக் நரம்புகள் ஓய்வு நேரத்திலும் இளைஞர்களுடையதைவிடத் தீவிரமாகவே இயங்குகின்றன. ஆனால் குழாய்த் தசையும் இதயமும் அந்தக் கட்டளைக்கு முன்போல இணங்குவதில்லை. படுத்தால் பிரஷர் ஏறி, எழுந்தால் இறங்குகிற முதியவர்கள் இருப்பது இதனால்தான். சர்க்கரை நோய் இந்த நரம்புகளையே கெடுத்துவிடும். புராஸ்டேட்டுக்கான சில மாத்திரைகளும், நீர் பிரிய வைக்கும் மாத்திரைகளும் இறக்கத்தைக் கூட்டும்.

தோலின் ரத்தக் குழாய்களும் இப்படித்தான் நரம்புக் கட்டளைக்கு முன்போல இணங்குவதில்லை. வெயிலில் அவை போதுமான அளவு விரிவதில்லை, வியர்வையும் குறைகிறது. கத்திரி வெயிலில் தி.நகர் கடைவீதிக்குப் பெரியவர்களை அழைத்துப் போகாதீர்கள்.

பிரஷர் இறக்கத்துக்கே திரும்புவோம். எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் பிரஷரின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது கவனிக்க வேண்டிய இறக்கம். ஆனால் பெரும்பாலான கிளினிக்குகளில் நாற்காலியில் உட்கார வைத்து ஒரு தடவை பார்ப்பதோடு சரி. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. இத்தனைக்கும், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978-இலேயே முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய ஊர் இது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் 2024-இல் திறந்தாயிற்று. படுக்க வைத்து ஒருமுறை, நிற்க வைத்து ஒருமுறை பாருங்கள் என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இரவில் பாத்ரூம் போக எழும்போதுதான் பலர் விழுகிறார்கள். கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழட்டும். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.