தூர இருந்தும் கேட்கப் பழக்கலாமா?

செவிப்புலன் குறைந்த பிள்ளைக்குக் கருவி பூட்டியதும் பேச்சு தானாக வந்துவிடும் எனப் பல பெற்றோர் எண்ணுகின்றனர். கருவி ஒலியைப் பெருப்பித்துக் கொடுக்கும், அவ்வளவே. அவ்வொலி நாய் குரைப்பதா, தண்ணீர் இறைக்கும் இயந்திரமா, அம்மா கூப்பிடுவதா என்று பிரித்தறிய மூளை பழகவேண்டும். இதற்கு உதவுவதே கேட்டற் பயிற்சி. பிறந்து முதல் மூன்று ஆண்டுகளில் மூளை இதற்கு நன்றாக இசைந்து கொடுக்கும். அறுவடை முடியட்டும், ஊர் திரும்பியபின் பார்ப்போம் என்று தள்ளிவைக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு நட்டமே.

ஆனால் பயிற்சியாளர் நகரத்தில் இருக்கிறார். குடும்பமோ பஸ் எட்டாத இடத்தில். இத்தொல்லை எமக்கு மட்டும் உரியதன்று.

அமெரிக்க நடிகர் ஸ்பென்சர் ட்ரேசியின் மகன் ஜோன் 1924இல் காது கேளாதவராகப் பிறந்தார். அவருக்குப் பேசப் பழக்கிய தாயார் லூயிஸ், 1942இல் லொஸ் ஏஞ்சல்சில் பெற்றோருக்கென ஒரு நிலையம் தொடங்கினார். 1943 முதல் அங்கிருந்து தபால்மூலப் பாடங்கள் இலவசமாகச் சென்றன. பாடம் தாய்க்கு வரும். அவர் வீட்டில் செய்து பார்த்து, நடந்ததை எழுதி அனுப்புவார். நிலையத்திலிருந்து மறுகடிதம் வரும்.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் இலங்கையைப் போல் ஏறத்தாழ 26 மடங்கு பெரியது. அங்கே பிரிஸ்பேன் நகரில் 1992இல் தொடங்கிய ஒரு நிலையம், தூரத்துப் பண்ணைக் குடும்பங்களுக்குப் பிற்காலத்தில் கணனித் திரைவழியே பயிற்சி கொடுத்தது. நேரில் வந்த 7 பிள்ளைகளையும் திரைவழி பயின்ற 7 பிள்ளைகளையும் ஒப்பிட்ட அவர்களின் ஆய்வு 2014இல் வெளியாயிற்று. மொழி வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 14 பிள்ளைகளை வைத்து முடிந்த முடிபு சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

ஆயினும் அந்த முடிவு எமக்கு வியப்பளிக்கவில்லை. பயிற்சியாளர் வாரத்தில் ஒரு மணித்தியாலம் பிள்ளையோடு இருப்பார்; மிகுதி நேரமெல்லாம் பிள்ளை வீட்டாரோடுதான். நேர்ப் பயிற்சியில் சில தாய்மார் வாங்கின் ஓரத்தில் பார்வையாளராக அமர்ந்துவிடுகின்றனர். திரைக்கு அப்பாலிருக்கும் பயிற்சியாளரோ பிள்ளையைத் தொட முடியாது. விளையாட்டுப் பொருளை எடுப்பதும், பிள்ளையின் காதருகே கதைப்பதும், பதிலுக்குப் பொறுத்திருப்பதும் தாயின் வேலையாகிவிடுகிறது. அரிசி களையும்போதும் ஆட்டுக்குக் குழை போடும்போதும் அதே முறையை அவர் தொடர்வார்.

தூரப் பயிற்சிக்கு எட்டாதவையும் உண்டு. சாதாரண தொலைபேசி வினாடிக்கு 3400 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை ஏறக்குறைய கடத்துவதேயில்லை. ‘ஸ்’ ஓசையின் பெரும்பகுதி அதற்கும் மேலே உள்ளது. ஆகவே பிள்ளை அதைச் சரியாகச் சொன்னதா என்று மறுபக்கத்தில் இருப்பவரால் நம்பிச் சொல்ல முடியாது. காதிலே குடுமி அடைத்திருக்கிறதா, சீழ் வடிகிறதா என்பதையும் நேரில்தான் பார்க்கவேண்டும். குழந்தை வளர வளரக் காதச்சு தளரும், கருவி கீச்சிடும். புதிய அச்செடுக்க வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும். எமது எண்ணத்தில் பரிசோதனையும் கருவி பொருத்தலும் முதற் சில பாடங்களும் நேரில் நடக்கட்டும். வாராந்தப் பயிற்சி தொலைவிலிருந்து வரலாம்.

இரண்டு முறைக்கும் பொதுவான காலை வேலையொன்று உண்டு. கனடாவில் பணியாற்றிய டானியல் லிங் வகுத்தது அது. வாயைத் தாளால் மறைத்து, சாதாரண குரலில் ‘ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ்’ என்ற ஆறு ஓசைகளையும் ஒழுங்கு மாற்றி, இடைவெளி மாற்றிச் சொல்லுங்கள். கேட்கும்போதெல்லாம் பிள்ளை ஒரு புளியங்கொட்டையைச் சிரட்டையில் போடட்டும் (வாயில் வைக்கும் வயதுப் பிள்ளையாயின் கை தூக்கினாற் போதும்). நேற்றுக் கேட்ட ஓசை இன்று கேட்கவில்லையாயின் முதலில் பற்றறியை மாற்றுங்கள்; பிறகு காதச்சின் துளையில் அழுக்கோ குழாயில் ஈரமோ உண்டா என்று பாருங்கள். அப்படியும் கேட்காவிட்டால் அடுத்த தவணைத் திகதிக்குக் காத்திராமல் பிள்ளையையும் கருவியையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.