கண்ணாடித் தொட்டியும் தண்ணீரின் பாரமும்

வண்ண மீன் வளர்க்கும் ஆசை நம் இல்லங்களில் பெரும்பாலும் பொலித்தீன் பையொன்றுடன் தொடங்குகிறது. கல்முனைப் பட்டினத்துக்குப் போன பிள்ளை, பையிலே நான்கு மீன்களோடு திரும்பி வருகிறான். அன்று மாலையே தொட்டி தேடுகிறார்கள். தொட்டி வந்த பின்னரே அதை எங்கே வைப்பது என்ற யோசனை பிறக்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே நமது கருத்து. முதலில் இடம், அடுத்துத் தாங்கி, பிறகு தொட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியில் மீன்.

அண்மையில் நாவிதன்வெளியில் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். உயர்வகுப்பில் படிக்கும் அவருடைய மகன், தொட்டிக்கான அளவைக் கொப்பித் தாளில் எழுதி வைத்திருந்தான். நீளம் 3 அடி. அகலமும் உயரமும் ஒன்றரை அடி. அதனைத் தன் பழைய படிப்பு மேசையில் வைப்பதாக எண்ணம். “மேசை பாரம் தாங்குமா?” என்று கேட்டோம். “கண்ணாடி அவ்வளவு பாரமில்லையே. தண்ணிக்குமா பாரம், வாப்பா?” என்று தந்தையைப் பார்த்தான். விறாந்தையில் அமர்ந்திருந்த பாட்டியார் விட்டுக் கொடுக்கவில்லை. “குடம் குடமாச் சுமந்த எண்ட இடுப்பக் கேளு மகன்!” என்றார்.

கணக்கு மிக எளிது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் லீற்றர் கிடைக்கும். ஒரு லீற்றர் நீரின் எடை ஒரு கிலோகிராம். பையனின் தொட்டி ஏறத்தாழ 90, 45, 45 சென்ரிமீற்றர். விளிம்பிலிருந்து நான்கு சென்ரிமீற்றர் குறைத்து நிரப்பினாலும் 166 லீற்றர் நீர் பிடிக்கும். எட்டு மில்லிமீற்றர்க் கண்ணாடி 32 கிலோ. அடியில் இரண்டு அங்குல மணல் இட்டால், அது இடம்பெயர்க்கும் நீரைக் கழித்த பின்பும் இன்னும் இருபது கிலோ கூடும். ஆகமொத்தம் 218 கிலோ. நான்கு சீமெந்து மூடைகளுக்கும் மேல்! படிப்பு மேசையின் மீது நான்கு சீமெந்து மூடைகளை அடுக்கி, அவற்றை அங்கேயே ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்க எவரும் துணிவரோ?

இதைவிடச் சிறியது போதாதா என்றால், அங்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 60, 30, 30 சென்ரிமீற்றர் கொண்ட தொட்டி 54 லீற்றர் கொள்ளும். மூன்று பக்கத்தையும் இரு மடங்காக்கினால், பாரம் இரு மடங்கன்று, எட்டு மடங்கு: 432 லீற்றர். பார்வைக்கு “கொஞ்சம் பெரிதாக” என்று கடைக்காரரிடம் கேட்பவர்கள் இந்த எட்டை மறந்து விடுகிறார்கள்.

பாரத்துக்கு அடுத்தது அழுத்தம். இங்கினியாகலையில் 1949 இல் தொடங்கிக் கட்டப்பட்ட சேனநாயக்க சமுத்திரத்தின் அணைக்கட்டைக் கண்டவர்கள், அதன் அடி பரந்தும் முடி குறுகியும் இருப்பதைக் கவனித்திருப்பர். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடுவதே காரணம். நம் வீட்டுத் தொட்டிக்கும் அதே விதிதான். 60 சென்ரிமீற்றர் நீளமான முன்கண்ணாடியை 30 சென்ரிமீற்றர் ஆழ நீர் 27 கிலோ விசையுடன் தள்ளும். ஆழத்தை 60 ஆக்கினால் அது 108 கிலோவாகும். இரு மடங்கு உயரத்துக்கு நான்கு மடங்கு தள்ளல். ஆகவே கண்ணாடியின் தடிப்பை உயரத்தை வைத்தே முதலில் நிர்ணயிக்க வேண்டும். முப்பது சென்ரிமீற்றருக்கு ஐந்து மில்லிமீற்றர் போதும். அறுபதுக்குப் பத்தாவது வேண்டும்.

பெருந்தொட்டிகளும் இவ்விதிக்கு விலக்கல்ல. பேர்லின் நகர ஹோட்டல் ஒன்றின் முன்மண்டபத்தில், பத்து இலட்சம் லீற்றர் நீரும் 1,500 அளவிலான மீன்களும் கொண்ட உருளைத் தொட்டியொன்று இருந்தது. 2022 டிசம்பர் 16 ஆம் திகதி அதிகாலையில் அது வெடித்தது. ஆயிரம் தொன் நீர் மண்டபத்தை அள்ளிக்கொண்டு வீதிக்குப் பாய்ந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத வேளையாதலால் இருவர் காயமடைந்ததோடு போயிற்று; மீன்களோ ஏறக்குறைய எல்லாமே மாண்டன. மாரியில் கிட்டங்கித் தாம்போதியின் மேல் பாயும் வெள்ளத்தைக் கடக்க அஞ்சி நின்ற நாவிதன்வெளியாருக்குப் பாயும் நீரின் பலத்தை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

உயரம் குறைந்த தொட்டி கண்ணாடிக்கு மட்டுமன்றி மீனுக்கும் நல்லது. நீரினுள் பிராணவாயு கரைவது பெரும்பாலும் மேற்பரப்பின் வழியாகவே. பரந்த மேற்பரப்பு, நிறைந்த மூச்சு. நமது கீழ்க்கரை வெயிலில் இது இன்னும் முக்கியம். நீர் சூடேறும்போது அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. வாய் குறுகிய கண்ணாடிக் கோளத்தைக் கழுத்துவரை நிரப்பி, அதில் தங்கமீனை விடும் வழக்கத்தை நாம் ஒருபோதும் ஒப்புவதில்லை. அம்மீன் ஒரு சாணுக்கு வளரக் கூடியது. சிறு தொட்டிதான் இயலுமென்றால், நம் நாட்டின் தென்மேற்கு ஓடைகளுக்கே உரியதும், 1929 இல் தெரணியகல விவரித்ததுமான செரி பார்ப் என்னும் செம்மீன் இருக்கிறதே! இரண்டு அங்குலத்துக்கு மேல் வளராது. 54 லீற்றரில் எட்டு மீன்கள் இன்பமாக வாழும்.

இவற்றையெல்லாம் கேட்ட பையன் தாளைத் திருத்தினான். நீளமும் அகலமும் முன்போலவே. உயரம் 35, நீர் 30 சென்ரிமீற்றர். நீரின் பாரம் 121 கிலோவாகக் குறைந்தது. முன்கண்ணாடி மீதான தள்ளலோ ஏறத்தாழப் பாதியாயிற்று. மேசைக்குப் பதிலாக, வெயில் படாத சுவரோரம் சீமெந்துத் தரையில் கல் அடுக்கி மேலே பலகைத் தட்டு இட்டார்கள். தட்டுக்கும் தொட்டிக்கும் இடையில் ரெஜிபோம் தகடு. சிறு மணல் மணி ஒன்று அடியில் அகப்பட்டாலும் பாரம் முழுவதும் அதன்மேல் குவிந்து கண்ணாடி விரிசல் காணும், அதற்கே இம்மெத்தை. வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்ற மூன்று வாளி வேண்டும். அதைத் தூக்குவது யார் என்ற கேள்வி எழுந்தபோது, தாயார் நம்மையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். மகனே ஒப்புக்கொண்டான்.

மீன் இல்லாமல் தொட்டியை நிரப்பி ஒரு நாள் விட்டுவைக்கச் சொன்னோம். மறுநாள் அடிமட்டத்தால் அளந்தபோது, விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஒரு முனையில் 5 சென்ரிமீற்றர், மறுமுனையில் ஐந்தரை. தட்டு சரிந்திருந்தது. தண்ணீரோடு தொட்டியை அசைத்தலாகாது. ஆகவே முழுவதையும் இறைத்துத் தட்டை மட்டப்படுத்தி மீண்டும் நிரப்ப வேண்டியதாயிற்று. பன்னிரண்டு வாளிகளையும் பையனே சுமந்தான். ஏழாவது வாளியில், பாட்டியார் விறாந்தையிலிருந்து, “தண்ணிக்குப் பாரமா மகன்?” என்று விசாரித்தார்.