பழந்தின்னி வௌவாலும் வேளா மீனும்

ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால் ஒன்றரைக் கிலோ தேறினால் பெரிது. வேளா மீனோ 6 மீட்டருக்கும் மேல் வளரும். ரம்பம் போன்ற நீண்ட மூக்கோடு பார்ப்பதற்குச் சுறா மாதிரி இருந்தாலும் வேளா திருக்கை வகைதான். செவுள் பிளவுகள் சுறாவுக்குப் பக்கவாட்டில் இருக்கும், வேளாவுக்கு அடிப்பக்கத்தில்.

வௌவால் பெரிய கண்ணாலும் மோப்பத்தாலும் பழம் தேடுகிறது. கலங்கிய கழிமுக நீரில் வேளாவுக்குக் கண் அவ்வளவாக உதவாது. அதன் ரம்பம் நெடுகிலும் நுண்துளைகள் உண்டு. மற்ற மீன்களின் உடலிலிருந்து கசியும் மெல்லிய மின்சாரத்தை அவை உணரும். உணர்ந்ததும் வேளா ரம்பத்தைப் பக்கவாட்டில் வீசி அடிக்கும்.

சங்க நூலான பட்டினப்பாலையில் மீனவர்களான பரதவர் சுறாக் கொம்பை நட்டு வழிபடுகிறார்கள். சாதாரணச் சுறாவுக்கு ஏது கொம்பு? அது வேளாவின் ரம்பமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்த இரண்டு உயிர்களுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. இரண்டுமே மெதுவாகப் பெருகுபவை. வௌவால் ஆண்டுக்கு ஒரே குட்டி ஈனும், அதை நெஞ்சோடு சுமந்து பறக்கும். வேளாவும் குட்டிதான் போடும். பிறக்கும்போது தாயைக் கிழித்துவிடாதபடி குட்டியின் ரம்பத்தை ஓர் உறை மூடியிருக்கும். அந்தக் குட்டி வளர்ந்து இனம் பெருக்கப் பல ஆண்டுகள் ஆகும். சாளை மீன்போல ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு இழப்பை ஈடுகட்ட இவற்றால் முடியாது. இன்று உலகில் உள்ள ஐந்து வேளா இனங்களும் அழிவின் விளிம்பில் இருக்கின்றன.

இந்தியச் சட்டம் 2001-இல் வேளாவுக்கு உயர்ந்த பாதுகாப்பு தந்தது. பழந்தின்னி வௌவாலையோ 2022 திருத்தம் வரை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிராகவே வைத்திருந்தது. காட்டு மரங்களின் விதைகளை இரவெல்லாம் சுமந்து தூவும் உயிருக்கு அது பெரும் அநீதி.

இரண்டையும் கொல்வதில் வலைக்கும் பங்குண்டு. தோப்பில் தொளதொளவென்று தொங்கும் பெரிய கண் வலையில் வௌவாலின் இறக்கை சிக்கிக்கொள்ளும். சிறிய கண் வலையை இறுக்கிக் கட்டினால் பழமும் தப்பும், வௌவாலும் தப்பும். கடலில் வேளா சிக்கினால் அறுக்க வேண்டியது வலையை. ரம்பத்தை வெட்டிவிட்டு மீனை நீரில் விடுவதில் பயனில்லை. வெட்டிய ரம்பம் மறுபடி வளராது, ரம்பம் இல்லாத வேளாவால் இரை தேட முடியாது.