வேற்றூர்த் தாயர் உணவு

தாயின் உடலே சேயின் முதல் இல்லம். அவ்வில்லத்திற்கு வேண்டுவன குறையின் இருவர்க்கும் ஊறு விளையும் என்பது ஒருதலை.

விருதுநகர்க்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட எம் ஊராகிய ஆமத்தூரின் பக்கத்தே, செங்கற்சூளையொன்றில் வடநாட்டினின்றும் பிழைப்பு நாடி வந்த பெண்ணொருத்தியைச் சென்ற விடுமுறையில் யாம் கண்டோம். அவள் ஏழு திங்கட் கருவுற்றிருந்தாள். சோறும் உருளைக்கிழங்குமே அவள் உணவு, உண்டவுடன் தேநீர். குடிசைக்கு எதிரே முருங்கையொன்று தழைத்து நின்றது. “அக்கீரையை உண்பதில்லையோ?” என்றோம். சிறிது தமிழறிந்த அவள் கணவன், “பிறர் மரம், பறித்தால் வைவார்கள்” என்றான்.

நிற்க. இத்தகைய துன்பம் புதியதன்று. ஏறக்குறைய நூறாண்டுகட்கு முன் பம்பாய் நெசவாலைகளில் உழைத்த கருவுற்ற பெண்டிரைக் கொடிய இரத்தச்சோகை வருத்திற்று. அதனை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், ஊட்டக் குறைவே காரணமென்று தெளிந்து, ஈஸ்ட் சாற்றினால் அந்நோய் தீருமென 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த சத்து ஃபோலிக் அமிலம் என்பது பின்னரே விளங்கிற்று. 1941-இல் அதனைக் கீரையினின்றும் பிரித்தெடுத்தோர், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர்.

கருவுற்ற காலத்தில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகின்றது. ஆதலின் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் மிகுதியாக வேண்டப்படும். அக்காலத்தில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமிற் குறையின் அது இரத்தச்சோகை எனப்படும். 2019–21-இல் நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவிற் கருவுற்ற மகளிருள் நூற்றுக்கு 52 பேர் இக்குறையுடையர். கீரை, பயறு, முட்டை ஆகியன துணைசெய்யும். எலுமிச்சையும் நெல்லியும் இரும்புச்சத்து உடலிற் சேர உதவும். உணவோடு பருகும் தேநீரோ அதனைத் தடுக்கும். அரசு மருத்துவ நிலையங்களில் விலையின்றித் தரும் மாத்திரைகளையும் 180 நாள் உட்கொள்ளுதல் வேண்டும்.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கருவுற்ற பெண்ணுக்கும், பிள்ளை பெற்று ஆறு திங்கள்வரை தாய்க்கும், அவ்வவ்வூர் அங்கன்வாடி வாயிலாக விலையின்றி உணவு பெறும் உரிமையை அளித்துள்ளது. எனினும் மொழியறியாது, ஓரிடத்தும் நிலைத்திராது உழல்வோர்க்கு அவ்வாயில் எங்குளதென்று காட்டுவார் யார்?

அம்முருங்கைக்கு உரியவரை யாம் வினவியபோது, “கீரைக்கும் கேட்க வேண்டுமா?” என்று நகைத்தார். மறுநாள் அப்பெண்ணை அங்கன்வாடிக்கும் அழைத்துச் சென்றோம். ஈவார் இருந்தனர், அவள்பொருட்டுக் கேட்பாரே இலர். விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்காள், கேட்பாராக நாம் ஏன் இருத்தலாகாது?