தரையில் நிற்கும் விமானமும் அதன் பற்றரியும்

கண்டி மாநகரைச் சுற்றி மலைகள் நெருங்கி நிற்கின்றன. பயணிகள் விமானம் இறங்குவதற்கு வேண்டிய நீண்ட சமதரை அங்கே கிடைப்பது அரிது. ஆயினும் நகருக்கு அண்மையில், மகாவலி கங்கையை மறித்து 1976ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை அணைக்கட்டின் பின்னால் தேங்கி நிற்கும் நீர்ப்பரப்பு, விமானங்களுக்கு ஓடுபாதையாகப் பயன்பட்டிருக்கிறது. அந்நீரில் ஒரு பகுதி சுமார் 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்குப் போய்ச் சுழலிகளைச் சுழற்றுகிறது. அதே நீரின் மேற்பரப்பில்தான் மிதவைகள் பொருத்திய சிறு விமானங்கள் வந்திறங்கின. 2013ஆம் ஆண்டு சேவையைத் தொடங்கிய சினமன் ஏர் நிறுவனத்தின் செஸ்னா காரவன் விமானங்கள் அவற்றுட் சில.

ஒற்றை எஞ்சின் கொண்ட இத்தகைய விமானம் நீர்த்துறையில் கட்டப்பட்டு நிற்கும்போது, அதற்குள் ஓசையின்றி ஒரு செலவு நடைபெறக்கூடும். எஞ்சின் ஓய்ந்திருக்கும் நேரத்தில் விமானி வானொலியையும், வழிகாட்டும் கருவிகளையும், ஒளிரும் திரைகளையும் இயக்கினால், அவற்றுக்கு வேண்டிய மின்சாரம் முழுவதும் பற்றரியிலிருந்தே வந்தாக வேண்டும். தொழிலில் உள்ளோர் ஏவியோனிக்ஸ் என வழங்கும் இக்கருவிகளைத் தரையில் இயக்குவது வீண் விளையாட்டன்று. வழிகாட்டும் கருவிகளில் உள்ள வான்பாதைத் தகவல்கள் உலகெங்கும் 28 நாட்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகின்றன. புதிய தகவலை ஏற்றும் வேளையில் திரைகள் உயிருடன் இருத்தல் வேண்டும். பழுது பார்ப்போருக்கும், புதிதாகப் பழகும் விமானிக்கும் இதே தேவை உண்டு.

பற்றரியின் இயல்பை நம்மவர்க்கு விரித்துரைக்கத் தேவையில்லை. மின்சாரம் எட்டாத தோட்டத்து லயங்களிலும் கிராமங்களிலும் கார்ப் பற்றரியைக் கொண்டே வானொலி கேட்ட காலம் ஒன்று இருந்தது. தேய்ந்த பற்றரியைத் தோளில் சுமந்து கடைத்தெருவுக்குக் கொண்டுபோய், மின் ஏற்றி, மறுநாள் திரும்ப எடுத்துவந்தவர்கள் பலர். முற்றும் தேய்ந்த பற்றரியைச் சில வாரங்கள் மூலையில் போட்டுவிட்டால் அது பிறகு பழைய பலத்தை அடையாது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர். மின் இறங்கும்போது ஈயத் தகடுகளின் மேல் ஈயச் சல்பேற்று என்னும் பொருள் மெல்லிய படிவாக உண்டாகிறது. உடனே மின் ஏற்றினால் அது கரைந்து மறையும். காலந்தாழ்த்தினால் கடினமான பளிங்காக இறுகிவிடும். இறுகிய இடம் பின்னர் மின்னைக் கொள்ளாது. விமானப் பற்றரியும் இந்த விதிக்கு உட்பட்டதே.

ஆனால் வானொலிப் பற்றரி தேய்ந்தால் பாட்டுத்தான் நிற்கும். விமானப் பற்றரி தேய்ந்தால் நேர்வது என்ன என்பதைக் காரவனைக் கொண்டே பார்ப்போம்.

அவ்விமானத்தின் மின் அமைப்பு 28 வோல்ற்றுக்குரியது. பற்றரி 24 வோல்ற்று. அதில் 12 கலங்கள் உள்ளன. கலம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.1 வோல்ற்று என்று கணக்கிட்டால், நிறைந்து ஓய்ந்திருக்கும் பற்றரி 25 வோல்ற்றுக்குச் சற்று மேலே காட்டும். ஈயப் பற்றரியாயின் கொள்ளளவு 45 அம்பியர் மணி. கருவிகள் 15 அம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். நாற்பது நிமிடத்தில் 10 அம்பியர் மணி போய்விடுகிறது. பற்றரியின் கொள்ளளவில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றே குறைந்த அளவு அது. விளக்குகள் பிரகாசமாகத்தான் எரியும். வானொலியும் தெளிவாகப் பேசும். குறை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சினைத் தொடக்கும் நொடியில்தான் அது வெளிப்படும்.

காரவனின் எஞ்சின் சுழலி வகையைச் சேர்ந்தது. பற்றரி முதலில் தொடக்கி மோட்டாரைச் சுழற்றி, அதன் வழியே காற்றை அமுக்கும் சக்கரங்களைச் சுழலச் செய்ய வேண்டும். அப்போது பாய்வது பல நூறு அம்பியர். சக்கரங்கள் தம் முழு வேகத்தில் குறைந்தது 12 சதவீதத்தை எட்டிய பின்னரே எரிபொருளை விட வேண்டும் என்பது விதி. பற்றரி தளர்ந்திருந்தால் சக்கரங்கள் சோம்பலாகச் சுழலும். உள்ளே வரும் காற்று போதாது. அந்நிலையில் எரிபொருள் பற்றிக்கொண்டால், குளிர்விக்கக் காற்றின்றிச் சுடர் பெருகிச் சுழலியின் அலகுகளைத் தாக்கும். தொடக்கத்தின்போது 1090 பாகை செல்சியசு வரை, அதுவும் இரண்டே விநாடிகளுக்கு மட்டுமே பொறுத்துக்கொள்ளப்படும். அதைக் கடந்தால் எஞ்சினைக் கழற்றிச் சோதிக்க நேரலாம். பற்றரியின் விலையையும் எஞ்சினின் விலையையும் ஒப்பிட்டால், ஆட்டுக்குட்டியும் யானையும் போல இருக்கும்.

நீரில் நிற்கும் விமானத்துக்கு வேறொரு இடரும் உண்டு. அதற்குப் பிரேக் கிடையாது. துறையிலிருந்து கயிற்றை அவிழ்த்துவிட்ட பின் எஞ்சின் தொடங்க மறுத்தால், காற்றும் நீரோட்டமும் இழுக்கும் திசையிலேயே அது மிதந்து செல்லும். பொல்கொல்லையில் அந்தத் திசையில் ஓர் அணைக்கட்டும் இருக்கிறது.

இதற்கு மாற்று, வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்பது. இரத்மலானை, கட்டுநாயக்கா போன்ற நிலையங்களில் சக்கரம் பூட்டிய மின்வண்டியை விமானத்தருகே உருட்டிவந்து, கனத்த வடத்தின் முனையை எஞ்சின் மூடியின் பக்கத்திலுள்ள துளையில் செருகுவார்கள். அம்முனையில் பெரிய ஊசி இரண்டும் சிறிய ஊசி ஒன்றும் பொருத்தப்படும் துளைகள் உண்டு. பெரியவை மின்னைக் கடத்தும். சிறியது உள்ளே ஓர் இணைப்பியை மூடச் செய்யும். செருகி முழுவதும் பொருந்தாதவரை இணைப்பி மூடாது. எளிய ஏற்பாடுதான்; ஆயினும் செருகும் வேளையில் தீப்பொறி பறக்காமல் காப்பது அதுவே. பட்டறையிலோ கொட்டகையிலோ ஆயின், சுவரிலுள்ள 230 வோல்ற்று ஆடலோட்டத்தை 28 வோல்ற்று நேரோட்டமாக மாற்றித் தரும் பெட்டி ஒன்று போதும்.

எந்தப் பெட்டி என்பதில்தான் பலர் இடறுகின்றனர். கார்ப் பட்டறையில் பற்றரிக்கு மின் ஏற்றும் சிறு பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுவர். அப்பெட்டி தரக்கூடியது 10 அம்பியர். கருவிகள் இழுப்பது 15 அம்பியர் எனின், மீதி 5 அம்பியர் பற்றரியிலிருந்தே போகிறது. பெட்டியின் விளக்கு எரிவதால் மின் ஏறுகிறது என்று மனம் நம்பும். உண்மையில் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். அறை வோல்ற்றுமானியை நோக்கினால் உண்மை தெரிந்துவிடும். ஊசி 27, 28 என்று அசையாமல் நின்றால் வெளி மின்சாரம் சுமையைத் தாங்குகிறது. 25க்கும் அதன் கீழும் நழுவுமாயின், சுமையைத் தாங்குவது பற்றரி.

மலிவான பெட்டிகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஆடலோட்டத்தின் அலைகளை அவை முற்றும் சமன் செய்வதில்லை. கனத்த பற்றரி குறுக்கே இருந்தால் அவ்வலை அடங்கும். பற்றரியை விலக்கினால் அது நேரே கருவிகளைச் சென்றடையும். வானொலியில் எழும் ஓயாத இரைச்சல் அதன் முதல் அடையாளம். நுண்ணிய மின்னணுக் கருவிகளுக்கு அந்த இரைச்சல் நல்ல செய்தியன்று. 12 வோல்ற்று விமானத்தில் 24 வோல்ற்றுப் பெட்டியை மாட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அவ்வாறாயின், வெளி மின்சாரம் வந்த பின் பற்றரியின் ஆளியை மூடி வைப்பதா, திறந்து வைப்பதா? இது விமான வகையைப் பொறுத்தது. கையேட்டின் சொல்லே முடிவானது. ஈயப் பற்றரியாக இருந்து, பெட்டியும் நன்கு சீர் செய்யப்பட்டதாயின், பற்றரியை இணைத்து வைப்பதில் ஒரு நன்மை உண்டு. யாராவது வடத்தில் கால் இடறி அது கழன்றாலும் கருவிகள் அணையா. தகவல் பாதி ஏறிய வேளையில் திரை அணைந்தால் முதலிலிருந்து தொடங்க நேரும். சில மணி நேரத்துக்கு 28 வோல்ற்று பற்றரியைக் கெடுக்காது. நாட்கணக்கில் விட்டுவைப்பதாயின் 27 வோல்ற்றளவுக்குத் தாழ்த்துவது நன்று; இல்லையேல் நீர் பிரிந்து ஆவியாகும், ஐதரசன் வாயுவும் எழும்.

நிக்கல் கட்மியப் பற்றரியின் குணம் வேறு. வலிந்து மின் ஏற்றினால் அது சூடேறும். சூடேறச் சூடேற மேலும் மின்னை உள்ளிழுக்கும். அதனால் இன்னும் சூடேறும். இச்சுழல் தொடங்கிவிட்டால் தானே நில்லாது. அத்தகைய பற்றரி பூட்டிய விமானங்களில் வெப்பத்தை அறிவிக்கும் விளக்குகள் வைத்திருப்பது இதனாற்றான். அங்கே பெட்டியை மாட்டிவிட்டுத் தேநீர் அருந்தப் போவது கூடாது.

இன்னொரு வழக்கத்தையும் கண்டிக்க வேண்டும். பற்றரி செத்துக் கிடக்க, மின்வண்டியின் பலத்தால் எஞ்சினைத் தொடக்கிவிட்டு, போகும் வழியில் மின் ஏறிக்கொள்ளும் என்று புறப்படுவது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் தொடக்கி மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறுவது உண்மைதான். ஆனால் அது வானில் பழுதானால் கைகொடுக்க வேண்டியது பற்றரி. சிறு விமானங்களுக்கான வடிவமைப்பு விதிகள், மின்பிறப்பாக்கி நின்றபின் இன்றியமையாத கருவிகளை 30 நிமிடமாவது பற்றரி தாங்க வேண்டும் என எதிர்பார்த்தன. பருவமழை மேகம் ஹந்தானையையும் நக்கிள்ஸ் தொடரையும் மூடியிருக்கும் நாளில், மலைகளுக்கிடையே வழி தேடும் விமானிக்கு அந்த முப்பது நிமிடம் எவ்வளவு பெரிது என்பதைக் கண்டிவாசிகள் எளிதில் உணர்வர்.

ஆகவே துறையில் நிற்கும்போது வெளி மின்சாரம் கிடையாதெனில், கருவிகளைத் தொடக்குவதைக் கடைசி நேரத்துக்கு ஒதுக்கி வைப்பதே விமானிகளின் வழக்கம். பாதையைக் காகிதத்திலோ கைத்திரையிலோ வகுத்துக்கொள்வர். வானிலையைத் தொலைபேசியில் கேட்டறிவர். கருவிகளின் பொது ஆளியை, எஞ்சின் ஓடி மின்னழுத்தம் நிலைபெற்ற பிறகே மூடுவர். தொடக்கத்தின்போது எழும் மின்னதிர்ச்சியிலிருந்தும் அது கருவிகளைக் காக்கிறது. பட்டறையிலோ குறித்த காலத்துக்கு ஒரு முறை பற்றரியைக் கழற்றி, அளந்த சுமையை மாட்டி, அது எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்க்கின்றனர். கொள்ளளவு 80 அல்லது 85 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால், காரை இயக்க அது இன்னும் போதுமானதாயினும், விமானத்துக்கு மீண்டும் போவதில்லை.