வெண்கரடி நாட்டில் துப்பாக்கியும் சட்டமும்

வடதுருவத்துக்கு அண்மையில், 74 பாகைக்கும் 81 பாகைக்கும் இடைப்பட்ட வட அகலக்கோட்டுப் பகுதியில், சுவால்பார்டு என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. பரப்பு ஏறத்தாழ 61,000 சதுரக் கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேற்பட்ட நிலம் பனியாற்றால் மூடப்பட்டது. தலைமை ஊரான லாங்யியர்பியனில் வாழ்வோர் ஏறக்குறைய 2,500 பேரே. அவ்வூரின் எல்லையைத் தாண்டும் இடத்தில் முக்கோணப் பலகை ஒன்று நிற்கிறது. வெண்கரடியின் உருவமும், அதன்கீழ் நார்வே மொழியில் ஒரு சிறு தொடரும் அதில் உள்ளன. 'சுவால்பார்டு முழுமைக்கும் பொருந்தும்' என்பது அத்தொடரின் பொருள். அப்பலகைக்கு அப்பால் செல்வோர் பலர் தோளில் துப்பாக்கி தொங்குவதைக் காணலாம்.

இதனைக் கண்டு, 'அந்நாட்டில் ஒவ்வொருவரும் துப்பாக்கி ஏந்த வேண்டுமெனச் சட்டம் உண்டு' என்று பலர் எழுதியுள்ளனர். அது முழு உண்மை அன்று. சட்டம் கூறுவது யாது, கூறாதது யாது என்பதை ஆராய்ந்தால், ஆயுதத்தைப் பற்றிய ஒரு நல்ல நெறி அதனுள் அடங்கியிருப்பது விளங்கும்.

நார்வேயின் ஆட்சி

1920 பெப்ரவரி 9-ஆம் நாள் பாரிஸ் நகரில் கையொப்பமான உடன்படிக்கையே இத்தீவுகளை நார்வேயின் ஆட்சிக்கு உட்படுத்தியது. 1925-இல் அது நடைமுறைக்கு வந்தது. அன்று பிரிட்டிஷ் பேரரசின் பகுதியாயிருந்த இந்தியாவும் அதில் ஒரு தரப்பாக அமைந்தது. 2008-இல் நியூ-ஒலெசுண்டு என்னும் சிற்றூரில் இந்தியா 'ஹிமாத்ரி' என்ற ஆய்வு நிலையத்தைத் திறந்தது. ஆகவே, பனியாற்றை அளக்கச் செல்லும் இந்திய ஆய்வாளருக்கும் இச்சட்டம் உரியதே.

வேட்டையிலிருந்து காப்புக்கு

முழு வளர்ச்சி அடைந்த ஆண் வெண்கரடி 300 முதல் 700 கிலோகிராம் வரை எடையுள்ளது. சீலை உண்டு வாழும் இவ்விலங்கு, பசித்த வேளையில் மனிதனையும் இரையாகக் கருதக்கூடும். ஒளிந்துகொள்ள அங்கு மரமும் இல்லை, புதரும் இல்லை.

ஒரு காலத்தில் மனிதனே கரடிக்குப் பேரச்சமாக விளங்கினான். தோலுக்காக வேட்டையாடியோர் மரப்பெட்டிக்குள் துப்பாக்கியைப் பொருத்தி, அதன் விசையோடு இரையைக் கயிற்றால் பிணைத்து வைப்பர். கரடி இரையை இழுத்ததும் குண்டு பாயும். சுட்டவன் அருகில் இருக்கவும் வேண்டியதில்லை. தாய்க்கரடி மாண்டு குட்டிகள் தனித்து நின்ற நிகழ்ச்சிகள் பல.

1973-இல் நிலைமை மாறியது. அவ்வாண்டு நவம்பரில் நார்வே, சோவியத் ஒன்றியம், அமெரிக்கா, கனடா, டென்மார்க் ஆகிய 5 நாடுகள் ஒஸ்லோ நகரில் வெண்கரடிப் பாதுகாப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. சுவால்பார்டில் வெண்கரடி வேட்டையும் அவ்வாண்டிலேயே முற்றாக முடிவுற்றது.

சட்டம் கேட்பது

இன்று நடைமுறையிலுள்ள சுவால்பார்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 2001-இல் இயற்றப்பட்டது. ஊருக்கு வெளியே செல்வோருக்கு அது இரண்டு கடமைகளை விதிக்கிறது. கரடியின் தாக்குதலிலிருந்து தம்மைக் காக்கும் முறையை முன்னரே அறிந்திருத்தல் ஒன்று. கரடியை வெருட்டி விரட்டத் தக்க கருவியைக் கைக்கொண்டிருத்தல் மற்றொன்று. ஒளியும் ஓசையும் எழுப்பும் வேட்டுத் துப்பாக்கி அத்தகைய கருவி. கொல்லும் துப்பாக்கியை உடன் கொள்ளுமாறு கூறுவது ஆளுநர் அலுவலகத்தின் அறிவுரையாகும்.

கரடியைக் கவர்ந்து அழைத்தல், பின்தொடர்தல், தேடிச் செல்லல் ஆகியன குற்றம். 2025 சனவரி 1 முதல் கரடிக்கும் மனிதருக்கும் இடையே குறைந்தது 300 மீட்டர் தொலைவு இருத்தல் வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். படம் எடுக்கச் சென்றேன் என்பது இதற்கு விடையாகாது.

ஏந்துவோர் கடமை

துப்பாக்கி உரிமம் இல்லாத வெளிநாட்டார், ஆளுநரிடம் விண்ணப்பித்து இசைவு பெற்ற பின்னரே துப்பாக்கியை வாடகைக்கு எடுக்க முடியும். பேருருவ விலங்கை வீழ்த்தும் வலிமையுள்ள ரைபிளே ஏற்றது. சிறு துப்பாக்கி காயம்பட்ட கரடியைச் சினங்கொள்ளச் செய்வதோடு நின்றுவிடும். ஊருக்குள் தோட்டா நிரப்பிய துப்பாக்கியுடன் நடத்தல் கூடாது. கடை வாயில்களில் 'துப்பாக்கியுடன் நுழையாதீர்' என்னும் அறிவிப்பைக் காணலாம். வெளிநிலத்திலும் தோட்டாக்கள் தோட்டாப்பெட்டியில் இருக்க, சுடும் அறை வெறுமையாயிருப்பதே முறை எனப் பயிற்றுவர். வழுக்கும் பனியில் விழுபவர் தம் தோழரையே சுட்டுவிடக்கூடும் அன்றோ?

கரடி தென்பட்டால் செய்ய வேண்டியவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் விலகிச் செல்ல வேண்டும். அது நெருங்கினால் கூட்டமாக நின்று கூவியும் ஓசை எழுப்பியும் வெருட்ட வேண்டும். பின்னர் வேட்டு. வேட்டு கரடிக்கும் மனிதருக்கும் இடையே வெடிக்க வேண்டும். கரடியின் பின்புறம் வெடித்தால், அஞ்சிய விலங்கு மனிதரை நோக்கியே ஓடிவரும். உயிருக்கு வேறு வழியில்லை என்னும் நிலையிலேயே குண்டு. அப்போதும் தலையைக் குறிவையாது மார்பையும் தோட்பகுதியையும் குறிவைக்குமாறு கற்பிப்பர். கரடி கொல்லப்பட்டால் ஆளுநர் அலுவலகம் விசாரணை நடத்தும். சுட்டவர் தோலையோ மண்டையோட்டையோ தமதாக்கிக்கொள்ள இயலாது.

இரண்டு பாடங்கள்

2011 ஆகஸ்டில் பிரிட்டனிலிருந்து வந்த இளைஞர் குழு ஒன்று பனியாற்றருகே கூடாரமிட்டு உறங்கியது. கூடாரங்களைச் சுற்றிக் கட்டிய எச்சரிக்கைக் கம்பி வெடிக்கவில்லை. கரடி உட்புகுந்தபோது துப்பாக்கியும் முதலில் சுடவில்லை. 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார், நால்வர் காயமுற்றனர். பின்னரே கரடி சுடப்பட்டு மாண்டது. துப்பாக்கி இருந்தது, வேண்டிய நொடியில் அது பயன்படவில்லை. 2020 ஆகஸ்டில் லாங்யியர்பியனுக்கு அருகிலுள்ள கூடாரத் திடலிலேயே ஒருவர் கரடிக்கு இரையானார். அக்கரடியும் சுடப்பட்டு இறந்தது. 1971 முதல் அந்நாள் வரை கரடியால் மாண்டோர் 6 பேர்.

இவ்விரு நிகழ்ச்சியிலும் மனித உயிரும் போயிற்று; கரடியின் உயிரும் போயிற்று. எனவேதான் அங்குள்ள பல்கலைக்கழக மையம், மாணவரை வெளிநிலத்துக்கு அனுப்புமுன் துப்பாக்கிப் பயிற்சி அளிக்கிறது. இரவில் முறைவைத்துக் காவலிருத்தலும், உணவைக் கூடாரத்தில் வையாமையும், கரடியின் தடம் கண்ட வழியை விடுத்தலும் அப்பயிற்சியோடு சேர்ந்தவை.

கடற்பனி குறைந்துவரும் இந்நாளில் கரடிகள் கரையில் தங்கும் காலம் நீள்கிறது, சந்திப்பும் பெருகலாம். மரப்பெட்டித் துப்பாக்கி கரடியின் தோலை வேண்டிக் காத்திருந்தது. இன்று வழிச்செல்வோர் சுமக்கும் துப்பாக்கியோ, ஒரு குண்டும் வெடியாமல் ஊர் திரும்பினால்தான் தன் கடமையை நன்கு செய்ததாகும்.